பாதி மண்ணீரல்

தன் மகள் பிழைத்துக்கொண்டதற்காக ஊரே தன்மேல் கோபப்படும் என்று கிளாடிஸ் கனவிலும் நினைத்ததில்லை.

நீலக் காய்ச்சல் துறைமுகக் குடியிருப்புக்குள் நுழைந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. முதலில் உதடு நீலம் பாரிக்கும், பிறகு நகக்கண். பெரியவர்களை அது தும்மலோடு விட்டுவிட்டது. சின்னப் பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடித்துக் கொண்டுபோனது. தடுப்பூசி போட்டார்கள், கிருமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றது. வேறு ஊசி கொண்டுவந்தார்கள். அது வேறு சட்டையில் வந்தது. கடைசியில் அரசாங்கம் குடியிருப்பின் இரும்புக் கதவைப் பூட்டி வெளியே காவல் போட்டது. உள்ளே இருந்த பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாக மாறியது. யார்டில் சும்மா கிடந்த ஒரு கன்டெய்னரைக் கழுவி, ஏசி பொருத்தி, ஆபரேஷன் தியேட்டர் ஆக்கினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக அனுமதி கிடைக்காத சின்னப் பெட்டிகள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் வரிசையாக இறங்கின.

காய்ச்சல் கண்ட பிள்ளைகளில் எழுந்து உட்கார்ந்தது ஒரே ஒரு பிள்ளை, கிளாடிஸின் மகள் ஜெர்லின். ஏழு வயது. எழுந்ததும் பசிக்கிறது என்றாள். தேங்காய்ப்பால் ஊற்றி இடியாப்பம் வேண்டும் என்றாள். கிளாடிஸ் அழுதுகொண்டே மாவு பிசைந்தாள். அன்று பக்கத்து வீடுகளிலிருந்து பழமும் பூவும் வந்தன. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த பேச்சியம்மாள்கூட வந்து, ஜெர்லினின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே டாக்டர் வானமாமலை வீட்டுக்கு வந்தார். குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்பவர். குடியிருப்பைப் பூட்டுவதற்கு முன்பு தானாகவே உள்ளே வந்து மாட்டிக்கொண்டவர். அதனால் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிளாடிஸையும் அவள் கணவன் வில்பிரட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மண்ணீரல்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"ஆட்டுல இருக்கும். கறிக்கடையில சுவரொட்டின்னு தருவாவ."

"அதேதான். மனுஷனுக்கு இடது விலாவுக்குக் கீழ இருக்கு. ரத்தத்துல வர்ற கிருமியை வடிகட்டுற இடம். ஒரு தடவை வந்த எதிரியோட முகத்தை ஞாபகம் வச்சுக்குற இடமும் அதுதான். உங்க பொண்ணோட மண்ணீரல் இந்தக் கிருமியைப் படிச்சுக்கிடுச்சு. எந்தச் சட்டையில வந்தாலும் கண்டுபிடிக்குது. நாங்க அத்தனை பேர் சேர்ந்தும் செய்ய முடியாததை அது தனியா செஞ்சிருக்கு."

"அதுக்கு இப்ப என்ன?"

"ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். கிருமியைக் கண்டுபிடிக்குற அணுக்கள் தனியா நிக்கல, செத்துப்போகுது. மண்ணீரல்ங்கிற கூட்டோட இருந்தாத்தான் உயிர். அந்தக் கூட்டைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, மத்தப் பிள்ளைங்க வயித்துல ஆளுக்கொண்ணா வச்சுத் தைச்சா வேர் பிடிச்சுக்கும். நகம் அளவு இருந்தா போதும். வேற உடம்பு தள்ளிவிடாம இருக்க இப்ப மருந்து இருக்கு."

கிளாடிஸ் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். ஜெர்லின் தரையில் உட்கார்ந்து வெங்காயத் தோலை ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா எம் பிள்ளைக்கு?"

"அது இல்லாம வாழலாம். வாழ்றவங்க நிறைய பேர். தினம் மாத்திரை சாப்பிடணும், சில ஊசி போட்டுக்கணும். ஆனா உங்ககிட்ட மறைக்க மாட்டேன். காய்ச்சல்னு வந்தா வீட்டுல வச்சுப் பார்க்க முடியாது. மத்தப் பிள்ளைக்குச் சளியோட போறது இவளை ஒரே நாள்ல கொண்டுபோயிரலாம். சின்ன வயசுல எடுத்தா ஆபத்து இன்னும் கூட."

"அப்ப முடியாது."

"இன்னும் முப்பத்தொரு பிள்ளைங்க இருக்காங்கம்மா."

"முப்பத்தொரு பிள்ளைக்கும் தாய் இருக்கா. இவளுக்கு நான்தான் இருக்கேன்."

டாக்டர் எழுந்துகொண்டார். கிளாடிஸ் வாசல்வரை வந்து கேட்டாள்: "பாதி எடுத்தா ஆகாதா?"

"பாதி எடுத்தா மிச்சம் வளர்ந்து சரியாயிடும். ஆனா பதினஞ்சு பேருக்குத்தான் காணும். எந்தப் பதினஞ்சுன்னு நீங்க சொல்வீங்களா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குப் பால் வரவில்லை. பால் கொண்டுவருபவனுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. குழாயடியில் கிளாடிஸ் குடத்தை வைத்தால், வரிசையில் நின்ற பெண்கள் பேசாமல் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். யாரும் வையவில்லை. வைதிருந்தால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியும். காலையில் கதவைத் திறந்தால், படிக்கட்டில் பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடந்துபோக வழிவிட்டார்கள். வந்தபோதும் வழிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் அவள் கையிலிருந்த பையை அண்ணாந்து பார்த்தன.

ஒருநாள் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்கென்று காப்பாற்ற இனிப் பிள்ளை இல்லை. எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கிளாடிஸுக்குப் புரிந்ததே இல்லை.

"எம் பிள்ளைக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, ஒன் வாசல்ல படுத்துக் கெடந்திருப்பேன்" என்றாள். "இவளுவ உக்காந்துல்லா இருக்காளுவ. இன்னும் படுக்கல."

அடுத்த நாள் கடைசி பிளாக்கில் ஒரு பிள்ளைக்கு உதடு நீலமானது. சாயங்காலம் அதுவும் போனது. பெண்கள் படிக்கட்டிலிருந்து எழுந்து அந்தச் சாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் வந்தார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். அன்று அவர் சிரிக்கவில்லை.

"தாயி, இதுக்கு மேல நான் இவங்கள கட்டுப்படுத்த முடியாது. ரெண்டு பேரு கத்தி எடுத்துக்கிட்டு வாரோம்னு நிக்கானுவ. பேச்சுக்குச் சொல்லுதானுவன்னு நெனைக்காத."

வில்பிரட் கிரேன் ஓட்டுபவன். உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவன், வீட்டிலும் அதிகம் பேசமாட்டான். அந்த நாட்களில் அவன் வாயே திறக்கவில்லை. அவன் அக்கா அமலி அடுத்த பிளாக்கில் இருந்தாள். அமலியின் மகள் ஷைனிக்கு ஐந்து வயது. தவமிருந்து பெற்ற பிள்ளை. அமலி படிக்கட்டில் வந்து உட்காரவில்லை. தம்பி வீடு என்ற உரிமையில் உள்ளேயே வந்து, சுவரோரம் உட்கார்ந்து ஷைனியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, நீங்களுமா?" என்றாள் கிளாடிஸ்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

அன்று கிளாடிஸ் டாக்டரிடம் போனாள். பாதி தருவதாகச் சொன்னாள். பாதிதான், ஒரு நூல்கூட அதிகம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள்.

எந்தப் பதினைந்து என்பதைச் சங்கரலிங்கம் அண்ணாச்சி பள்ளிக்கூடத்து மைதானத்தில் குலுக்கிப் போட்டு எடுத்தார். எவர்சில்வர் குடத்துக்குள் கையைவிட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் வந்தவர்கள் சந்தோஷப்படவும் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷைனியின் பெயர் வரவில்லை. அமலி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. மைதானத்தின் மறுபக்கம் நின்ற தம்பியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷன் காலையில் நடந்தது. ஜெர்லினுக்குக் கன்டெய்னருக்குள் போகப் பிடித்திருந்தது. ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். கதவு மூடியதும் கிளாடிஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். வில்பிரட் சற்று நேரம் பக்கத்தில் இருந்தான். பிறகு தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை.

டாக்டர் வெளியே வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றாமலேயே பேசினார்.

"பொண்ணு நல்லா இருக்காம்மா. ஆனா உள்ள ரத்தம் நிக்கல. முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு."

கிளாடிஸ் எழுந்தாள். அவள் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அவரது பச்சைச் சட்டையைப் பிடித்திருந்த கையை வில்பிரட்தான் விரல் விரலாகப் பிரித்தான்.

"அவளுக்கே ஒரு துண்டைத் திருப்பி வச்சிருக்கோம்" என்றார் டாக்டர். "பிடிச்சுக்கிட்டா பாதி கவலை போச்சு."

பிடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து வந்த உடம்பு அது. மற்ற துண்டுகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. பதினைந்து அல்ல, முப்பதும். அதன் பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. கோடை தொடங்கும் முன்பு இரும்புக் கதவைத் திறந்தார்கள். குடியிருப்பில் வெடி போட்டார்கள். கிளாடிஸின் வாசலில் மாலை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மாலை காய்வதற்குள் டாக்டர் மறுபடி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மத்தப் பிள்ளைங்களோட தொண்டையைப் பரிசோதிச்சோம். முப்பது பேருக்கும் அந்தக் கிருமி இருக்கு. துண்டு அதை அடக்கி வைக்குதே தவிர அழிக்கல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தும்மினா, இருமினா வெளிய வரும்."

"வந்தா?"

"பெரியவங்களுக்கு ஒண்ணுமில்லை. ஜெர்லினுக்கு இப்ப அதை அடையாளம் காட்ட ஒண்ணும் இல்லம்மா. முதல் தடவை தப்பிச்சது மாதிரி ரெண்டாவது தடவை..."

ஆக, முப்பது பிள்ளைகள் தெருவில் ஓடியாடினார்கள். ஜெர்லின் ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறந்ததும் தலைமையாசிரியை நேரில் வந்து, பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்வதாகச் சொல்லி, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். முதலில் மற்ற பிள்ளைகள் அந்த வீட்டைக் கடக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள். வெயில் ஏறியதும் அது கழன்றது. கிளாடிஸ் வாசலில் நின்று கத்தினாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடும் அளவுக்குக் கத்தினாள். பிறகு சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். இப்போது மறுபடி சிரித்த முகம்.

"துறைமுகத்துல வேற இடத்துல குவார்ட்டர்ஸ் கேட்டுப் பாக்கட்டுமா தாயி? சின்னப் பிள்ளைய எத்தன நாளைக்கி மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியச் சொல்ல? நீயே சொல்லு."

அவள் டாக்டரிடம் ஓடினாள். ஒரு வழி இருக்கிறது என்று அவர் சொன்னார். ஜெர்லினின் உடம்பு இப்போது தேறியிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு வைத்த துண்டுகள் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டன. யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து அதில் ஒரு கீற்று எடுத்து இவளுக்கு வைத்தால் பிடித்துக்கொள்ளும். கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

கிளாடிஸ் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். காபி கொடுத்தார்கள். சில வீடுகளில் அழவும் அழுதார்கள். மறுபடி கத்தியா, அதுவும் இந்தப் பிள்ளைக்கா என்றார்கள். அவுக அப்பா சம்மதிக்கமாட்டாவ என்றார்கள். எங்க வீட்டுல ஏன் கேக்கிய, மத்த வீடு இல்லியா என்றார்கள். பால்காரன், இனிமேல் காசு வேண்டாம், பால் சும்மா தாரேன் என்றான்.

கடைசியாக அமலியின் வீட்டுக்குப் போனாள். சொந்தம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே கேட்கவே வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஷைனி கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். அமலி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஷைனிக்கு மயக்க மருந்து குடுத்தா மூச்சு நின்னு போச்சுன்னா, நீ பொறுப்பு ஏத்துக்கிடுவியா?"

"எம் பிள்ளைக்கும் குடுத்துத்தான எடுத்தாவ. மைனி, ஒரு கீத்துதான் கேக்கேன். அது எம் பிள்ளையோடதுதான."

"ஒம் பிள்ளையோடதுன்னு சொல்லாத. வச்ச பெறகு அது எம் பிள்ளை ஒடம்பு."

"பாதிதான் தாரேன்னு சொன்னேன். ரத்தம் நிக்காம மிச்சத்தையும் எடுத்ததுனாலதான் ஷைனிக்குக் கெடச்சுது. ஆண்டவர் அப்படி வச்சதுக்காவது..."

"ஆண்டவரா?" அமலியின் குரல் உயர்ந்தது. பல மாதங்களாக அடக்கிவைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "ஒம் புருசன்ட்ட போய்க் கேளு, ரத்தம் நிக்கலையா நின்னுச்சான்னு. எங்கூடப் பொறந்தவன் எனக்காக டாக்டர்ட்டப் போய்ச் சொல்லிட்டு வந்தான். தாயிட்ட கேக்க வேண்டாம், தகப்பன் நான் சொல்லுதேன், முழுசா எடுங்கன்னு. இல்லன்னா இன்னிக்கி இவ குழிக்குள்ள கெடப்பா. நீ வந்து ரெண்டு பூ போட்டுட்டுப் போயிருப்ப."

கிளாடிஸ் வீட்டுக்கு வந்தாள். வில்பிரட் ஷிப்ட் முடிந்து வந்து, ஜெர்லினுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"ஷைனி செத்திருந்தா எங்கக்கா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"இப்ப எம் மொகத்துல முழிங்க."

அவனால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பதினஞ்சு பிள்ள, கிளாடிஸ். பேர வாசிக்காத பதினஞ்சு பிள்ளையும் மைதானத்துல நின்னுச்சு. நீ குனிஞ்சிக்கிட்ட. நான் பாத்தேன்."

அவள் சீப்பை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவனை மன்னிக்க முடியாமல் செய்தது.

செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் அவள் அண்ணன் வீடு இருந்தது. நீலக் காய்ச்சல் எட்டாத ஊர். துண்டு வைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஊர். கிளாடிஸ் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனாள். வில்பிரட் ஸ்டேஷன்வரை வந்து, பெட்டியை ஏற்றிவிட்டு, ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றான். அவள் ஜன்னலை இறக்கிவிட்டாள்.

அந்த ஊரில் ஜெர்லின் முகக்கவசம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். காலையிலும் இரவிலும் மாத்திரை போட்டாள். ஒருமுறை காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள்; சாதாரணக் கிருமிதான், ஆனாலும் பிள்ளை எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். மற்றபடி நன்றாகவே இருந்தாள். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்து வெளியூர்க் கூட்டம் வந்தபோது, கூட்டத்தோடு நீலக் காய்ச்சலும் வந்தது.

அண்ணன் வீட்டுக் கதவுகளையெல்லாம் சாத்தினார்கள். ஈரத்துணியை இடுக்குகளில் திணித்தார்கள். ஜெர்லின் தட்டு தனி, பாய் தனி. அவளைத் தொடுவதற்கு முன் கிளாடிஸ் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சாவு வீட்டுச் சங்கு கேட்கும்போதெல்லாம் மகளின் உதட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் டாக்டர் வானமாமலை போனில் கூப்பிட்டார். நம்பரைப் பார்த்ததும் கட் செய்ய நினைத்தாள். செய்யவில்லை.

"உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பையன் பிழைச்சிருக்கான்மா. நவ்ஃபல்னு பேரு. அவங்க அம்மா சபூரா யாரையும் உள்ள விடமாட்டேங்குறாங்க. நீங்க பேசினா கேட்பாங்க. கொடுத்த தாய் நீங்க."

"நான் குடுத்த தாயில்ல. எடுத்தீங்க."

"ஜெர்லின் அப்பா சம்மதிச்சாரும்மா" என்றார் அவர். அதன் பிறகு இன்னும் மெதுவாக, "முதல் துண்டு ஜெர்லினுக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கிளாடிஸ் மகளின் உதட்டை மறுபடி பார்த்தாள். அந்தப் பையனின் தாய் கொடுக்காவிட்டால், இந்த ஊர்ப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள், ஜெர்லினும் போவாள். கொடுத்தால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கிருமியைச் சுமந்துகொண்டு நடமாடுவார்கள். ஆனால் ஜெர்லின் வயிற்றிலும் ஒரு துண்டு இருக்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

சபூராவின் தெருவில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. வீட்டின் முன்னால் பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் யாரென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிளாடிஸ் கையை உதறி இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சபூரா நின்றாள். சின்ன வயதுதான். பல நாள் தூங்காத கண்.

"நீங்களும் கேக்கத்தான் வந்தியளாக்கும்" என்றாள்.

"ஆமா."

"நீங்க வந்து குடுக்காதன்னு சொல்லுவியன்னு நெனச்சேன். உங்க கதய நான் கேள்விப்பட்டேன்."

"எம் பிள்ளைக்கும் ஒரு துண்டு வேணும்."

சபூரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காறித் துப்பிவிடுவாள் போலிருந்தது. துப்பட்டும் என்று கிளாடிஸ் நின்றாள்.

"நான் தரலைன்னா?"

"நாளைக்கும் வருவேன்."

உள்ளே பையன் எதற்கோ அழைத்தான். சபூரா திரும்பவில்லை, கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிளாடிஸ் இன்னும் நெருங்கி, பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"குடுத்தா பாதி குடுங்க. பாதிக்கு மேல ஒரு நூலு குடுக்காதீங்க. பிள்ளைய உள்ள கொண்டு போனதும் உங்க வீட்டுக்காரர் கையப் பிடிச்சிக்கிடுங்க. தண்ணி வாங்கப் போறேம்பாவ, ஒண்ணுக்குப் போறேம்பாவ. கதவு தொறக்குற வரைக்கும் விட்டுராதீங்க."

சபூராவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்து நிலையில் சாய்ந்து நின்ற அவள் கணவன், அவர்கள் தலைக்கு மேலாகத் தெருக் கூட்டத்தில் பிள்ளையோடு இருந்த யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான்.